வலிநாள் கையெழுத்து

கையெழுத்துப் போட்ட அன்று பொற்கொடியால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. பரிசோதனைக் கட்டிலில் ஏறிப் படுக்கவும் முடியவில்லை. நிமிர்வு முதுகு நிலையத்தின் பளபளப்பான தரையிலேயே ஒருக்களித்து, இடது காலை மடக்கி வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். இடுப்பில் கிளம்பிய வலி பின்தொடை வழியாக இறங்கி, கால் கட்டைவிரல் வரை பழுக்கக் காய்ச்சிய கம்பியை இழுப்பதுபோல் இழுத்தது. பதினேழு வருடமாக வந்து வந்து போய்க்கொண்டிருந்த வலிதான். இந்த முறை வந்து பத்து நாளாகியும் போக மறுத்துவிட்டது. அம்மாபேட்டையிலிருந்து ஆட்டோவின் பின்சீட்டில் குப்புறப் படுத்துத்தான் அவள் சேலத்தின் மறுகோடியில் இருந்த அந்த நிலையத்துக்கு வந்து சேர்ந்திருந்தாள்.

அவளுக்கு வயது நாற்பத்தேழு. பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை. அண்டா அண்டாவாகச் சோறு இறக்குகிறவள்தான். ஆனாலும் அவள் முதுகைத் தின்றது அண்டா அல்ல என்பது அவளுக்கும் தெரியும், தங்கை தமயந்திக்கும் தெரியும். தமயந்திக்குத் தசைகள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகிற நோய். இருபத்திரண்டு வயதில் நடை நின்றது. அன்றிலிருந்து கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கழிவறைக்கு, திரும்ப நாற்காலிக்கு, திரும்பக் கட்டிலுக்கு என்று நாற்பத்தொரு கிலோவைத் தூக்கியது பொற்கொடிதான். அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வேறு யாருமில்லை.

இயன்முறைச் சிகிச்சையாளர் ஷாகிரா, முப்பது வயதுப் பெண், அவளும் தரையில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"அம்மா, நான் சொல்றது கேக்குதா? உங்க ரெண்டு எலும்புக்கு நடுவுல இருக்கிற ஜவ்வு எடை தாங்காம பிதுங்கி நரம்பு மேல உக்காந்திருக்கு. கட்டில்ல படுக்க வச்சு மெல்ல இழுத்தோம்னா எலும்பு ரெண்டும் மயிரிழை விலகும், ஜவ்வு உள்ள போகும். அரை மணி நேரம் சொர்க்கமா இருக்கும். எழுந்து நடந்தீங்கன்னா மறுபடி எடை வந்து உக்காந்துக்கும்."

"அறுக்கணுமா?" என்றாள் பொற்கொடி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"கத்தியே படாது. இந்தக் கூட்டைப் போட்டுவிடுவோம்."

தோளிலிருந்து தொடை நடுப்பகுதி வரையும், கையில் முழங்கை வரையும் வருகிற மேலாடை. மீன் செதில் மாதிரி சின்னச் சின்னத் தகடுகள். உடம்போடு ஒட்டிக்கொண்டு, ராத்திரி பகல் இல்லாமல் மேலேயும் கீழேயும் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கும் என்றாள் ஷாகிரா. நானூறு நாள். அதற்குள் ஜவ்வின் கிழிசல் ஆறிவிடும். குளிக்கும்போதுகூடக் கழற்ற வேண்டியதில்லை. தப்பாகக் குனிந்தாலோ, எட்டுக் கிலோவுக்கு மேல் தூக்கினாலோ தானாக இறுகி நிறுத்திவிடும்.

"இப்ப ஒண்ணு கேக்கணும்மா. இது பதிவாகும். நாப்பது நாள்ல உங்க வலி போயிடும். வலி போனதும் எல்லாருமே கழட்டச் சொல்றாங்க. அப்படிக் கழட்டினவங்கள்ல பத்துக்கு ஏழு பேர் ஸ்ட்ரெச்சர்ல திரும்பி வந்தாங்க. அதனால இப்ப விதியை மாத்திட்டாங்க. வலிநாள் கையெழுத்துன்னு பேரு. பின்னால ஒரு நாள் நீங்க வந்து கழட்டச் சொல்வீங்க. நாங்க அந்தப் பொற்கொடி பேச்சைக் கேக்கணுமா, இன்னிக்குப் பேசுற பொற்கொடி பேச்சைக் கேக்கணுமா?"

"என் பேச்சைத்தான் கேக்கணும்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "அவளுக்கு என்ன தெரியும்? அவ கால்ல விழுந்து கெஞ்சினாலும் கழட்டாதீங்க. எழுதிக்கங்க."

ஷாகிரா எழுதிக்கொண்டாள். நரம்பின் துடிப்பை அளக்கும் வலிமானி நூற்றுக்கு எண்பத்திரண்டு காட்டியது. அந்த எண்ணையும் எழுதிக்கொண்டாள்.

கூடு பூட்டிய முதல் வாரத்திலேயே கம்பி ஆறத் தொடங்கியது. ஐந்தாவது வாரம், பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு நடந்தே வந்தாள். வழியில் நின்று, காய்த்துருவலை நடுவே வைத்த தட்டுவடை செட் வாங்கி, நின்றபடியே சாப்பிட்டு, தமயந்திக்கும் ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டாள். கால் என்று ஒன்று இருப்பதே மறந்துபோய் நடப்பது எப்படி இருக்கும் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கூட்டோடு வாழப் பழகிக்கொண்டாள். கீழே விழுந்த கரண்டியைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். செருப்பு வாரை மாட்டச் சக வேலைக்காரிகளைக் கேட்டாள். தரையில் உட்கார முடியாது, நாற்காலி உயரத்துக்குக் கீழே கூடு அவளை இறங்க விடவில்லை. தமயந்தியைத் தூக்குவதற்குக் காலையும் மாலையும் குருவம்மா என்றொரு பெண் வந்துபோனாள். கட்டில் அருகே நிலையமே ஒரு தூக்குப்பொறி மாட்டிக் கொடுத்தது. வீட்டுவசதி வாரியத்தின் அந்தச் சின்ன வீட்டில் அதற்கு மேல் இடமில்லை.

தமயந்தி பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இணையத்தில் கணக்கு நடத்துகிறவள். உடம்பில் தெம்பாக மிஞ்சியிருந்தது குரல் ஒன்றுதான். அந்தக் குரலால் அக்காவைக் கேலி செய்தாள்: "நடக்கிறதப் பாரு, அணிவகுப்பு மரியாதை ஏத்துக்கிற கலெக்டர் மாதிரி."

அறுபத்து மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. குருவம்மா பதினொரு மணிக்கே வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டாள். பொற்கொடி சமையலறையில் ரசம் கொதிக்கவிட்டுக்கொண்டிருந்தாள். கூடத்தில் தமயந்தியின் குரலுக்கு ஓடும் சக்கர நாற்காலி எதிலோ இடறும் சத்தம் கேட்டது. பிறகு, ஈரத்துணி மூட்டையைக் கீழே போட்டதுபோல் ஒரு சத்தம்.

ஓடி வந்து பார்த்தாள். நாற்காலியின் முன்சக்கரம் கட்டில் காலில் மாட்டியிருந்தது. வயிறு இறுக்குகிறது என்று தமயந்தி அன்றைக்கு இடுப்புப் பட்டையைப் போட்டுக்கொள்ளவில்லை. குப்புற விழுந்து கிடந்தாள். முகம் கட்டிலடியில் கிடந்த தடித்த கால்மிதியில் புதைந்திருந்தது. கழுத்தைத் திருப்புகிற சக்தி அவளுக்கு இல்லாமல் போய் ஆறு வருடமாகிறது.

பொற்கொடி குனிந்தாள். குனிய நினைத்தாள் என்பதே சரி. செதில்கள் ஒரே நேரத்தில் இறுகின. நின்ற வாக்கிலேயே நின்றாள்.

"தமா. இரு கண்ணு. இதோ வந்துட்டேன்."

மண்டியிடப் பார்த்தாள். முழங்கால் மடங்கத் தொடங்கியதும் தொடையைக் கவ்வியிருந்த தகடுகள் விறைத்துக்கொண்டன, காலை நீட்டித் தங்கையின் முகத்தைத் தள்ளவும் முடியவில்லை. பதற்றத்தில் தசைகள் துடிப்பதைக் கூடு பெரிய சுமை என்று எடுத்துக்கொண்டதோ என்னவோ, தோள்பட்டையும் கல்லாகிவிட்டது. காலடியில் தங்கை கிடக்கிறாள். முகத்தை இரண்டு அங்குலம் திருப்பினால் போதும். அந்த இரண்டு அங்குலத்துக்கு அவளால் இறங்க முடியவில்லை. கால்மிதிக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது. அடுத்த முனகல் அதைவிடச் சின்னதாக வந்தது.

கீழ்வீட்டு ஆட்டோக்காரர் மாதேஸ்வரனைக் கூப்பிட்டுக் கத்தினாள். பதில் இல்லை. கைப்பேசி சமையலறை அலமாரியில் இருந்தது. விறைத்த காலை இழுத்துக்கொண்டு போய் அதை எடுத்துப் பேசுகிற நேரத்தை எண்ணிப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. சுவரில் தோளை முட்டி, வெட்டிய மரம் சாய்வதுபோல் தன்னைத்தானே பக்கவாட்டில் சாய்த்துத் தரையில் விழுந்தாள். கூடு அந்த அடியைத் தாங்கிக்கொண்டது, வலிக்கவில்லை. மரக்கட்டை மாதிரியே கிடந்தாள். தங்கையின் தலை ஒரு முழத் தூரத்தில் இருந்தது. கை நீளவில்லை. முழங்கைக்குக் கீழே மட்டும்தான் அவளுக்குச் சொந்தமாக மிச்சமிருந்தது. விரல் நுனிக்குக் கால்மிதியின் பிசிறு எட்டியது. அதைப் பிடித்து இழுத்தாள். ஒரு நூல் அறுந்து வந்தது. இன்னொன்றைப் பிடித்தாள்.

அந்த நேரத்தில்தான் அவள் தோளருகே கூட்டின் சின்ன ஒலிபெருக்கி இனிமையான குரலில் சொன்னது: "ஆபத்து தவிர்க்கப்பட்டது. உங்கள் முதுகு பாதுகாப்பாக உள்ளது."

மாதேஸ்வரன் சந்தையிலிருந்து திரும்பி, சத்தம் கேட்டு மாடியேறி வர இருபத்திரண்டு நிமிடம் ஆனது. அதற்குள் கால்மிதி நாலு விரல்கடை நகர்ந்திருந்தது. தமயந்தியின் மூக்கின் ஒரு பக்கம் வெளியே வந்திருந்தது. அந்த நாலு விரல்கடையால்தான் உயிர் நின்றது என்று பிறகு மருத்துவமனையில் சொன்னார்கள்.

ஆனால் கிடந்தபடியே எடுத்த வாந்தி நுரையீரலுக்குள் போயிருந்தது. பத்தொன்பது நாள் குழாய் போட்டு வைத்திருந்தார்கள். வீடு திரும்பியபோது அவள் குரல் பாதிதான் திரும்பியிருந்தது. ஒரு நாளைக்கு ஆறு வகுப்பு எடுத்தவளால் ஒரு வகுப்புக்கு மேல் பேச முடியவில்லை.

தங்கையைக் கட்டிலில் கிடத்திய மறுநாளே பொற்கொடி நிலையத்துக்குப் போனாள்.

"கழட்டிடுங்க" என்றாள்.

ஷாகிராவுக்கு நடந்தது எல்லாம் தெரியும். கூடு அந்த இருபத்திரண்டு நிமிடத்தையும் பதிவு செய்து அனுப்பியிருந்தது. நிலையத்தின் மாதக் கணக்கில் அது தவிர்க்கப்பட்ட விபத்து என்று பச்சை நிறத்தில் ஏறியிருந்தது. அதைச் சொல்ல ஷாகிராவுக்கு வாய் வரவில்லை. பழைய பதிவை ஓடவிட்டாள். தரையில் கிடந்தவளின் மூச்சு அறை முழுக்கக் கேட்டது. *அவளுக்கு என்ன தெரியும்? அவ கால்ல விழுந்து கெஞ்சினாலும் கழட்டாதீங்க.*

பொற்கொடி முழுதாகக் கேட்டாள். அது அவள் குரல்தான். அந்தக் குரலில் இருந்தவள் மேல் அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. ஜன்னல் வழியே ஏற்காட்டு மலை தெரிந்தது.

"இதுக்கு மாத்தே இல்லியா?"

"ஒண்ணு இருக்கும்மா. சமவலி விசாரணைன்னு சொல்வாங்க. வலியில போட்ட கையெழுத்தை அதே வலியிலதான் வாபஸ் வாங்க முடியும். கூட்டைத் திருப்பி விடுவோம். இழுக்கிறதுக்குப் பதிலா அழுத்தும். எண் எண்பத்திரண்டுக்கு வந்ததும் சட்ட அலுவலர் கேப்பாரு. அப்ப நீங்க கழட்டுன்னு சொன்னா அதுதான் செல்லும்."

"சரி, வைங்க."

"இதுவரைக்கும் பதினொரு பேர் போயிருக்காங்க. நான் கூடவே நின்னுருக்கேன். பதினொரு பேரும் வீட்ல ஒத்திகை பாத்துட்டு வந்தவங்க. ஒருத்தர்கூடக் கழட்டச் சொல்லல." ஷாகிரா குரலைத் தாழ்த்தினாள். "இன்னொண்ணும் சொல்லணும். கழட்டினாலும் உங்களால தங்கச்சியத் தூக்க முடியாது. முதுகுத் தசை இத்தன நாளா வேலையே செய்யல, தொவண்டு கிடக்கும். வலியும் திரும்பி வரும்."

"தூக்கறதுக்கு குருவம்மா இருக்கா. நான் குனியணும், அவ்வளவுதான்."

விசாரணைக்கு முந்தின மாலை, தமயந்தி அக்காவைக் கட்டிலருகே கூப்பிட்டாள். இப்போதெல்லாம் அவள் பேசுவதைக் கேட்கக் காதைக் கிட்டே கொண்டுபோக வேண்டியிருந்தது. பொற்கொடியால் குனிய முடியாது என்பதால், தூக்குப்பொறியில் தமயந்தியை உயர்த்தி, இருவரும் முகத்துக்கு முகம் பேசுவார்கள். கொக்கியில் தொங்கும் தொட்டிலில் ஒருத்தி, எதிரே நட்டுவைத்த கம்பம்போல் ஒருத்தி.

"கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு காப்பகத்துக்கு எழுதியிருக்கேன்" என்றாள் தமயந்தி. "இடம் இருக்காம்."

"யாரைக் கேட்டு எழுதின?"

"உன்னைக் கேட்டா விடுவியா? நாளைக்கு அங்க போகாத அக்கா."

"நான் போறது உனக்காகன்னு யாரு சொன்னா?"

"வேற யாருக்காக?" தமயந்தி மூச்சு விட்டுக்கொண்டாள். "இந்த மூணு மாசமா நீ தூங்கறதப் பாத்துக்கிட்டு இருந்தேன். வாயத் தொறந்து, குறட்டை விட்டுக்கிட்டு. பதினேழு வருஷத்துல நீ அப்படித் தூங்கி நான் பாத்ததே இல்ல. ஆஸ்பத்திரியில குழாயோட கிடந்தப்பகூட அதத்தான் நெனச்சுக்கிட்டேன், இவளாவது தூங்கறாளேன்னு. அத என் பேரைச் சொல்லி விட்டுடாத. என்னால தாங்க முடியாது."

தூக்கம் நல்ல தூக்கம்தான். அதைப் பொய் என்று சொல்ல அவளால் முடியாது.

"தரையில கிடந்தேன்ல, அன்னிக்கு" என்று மெல்ல ஆரம்பித்தாள். "நீ மூச்சுக்குத் தவிக்கற. நான் கட்டையாட்டம் கிடக்கறேன். எனக்கு வலியே இல்ல தமா. ஒரு துளி இல்ல. அதான் என்னால மறக்க முடியல. எவளோ ஒருத்தி, மூணு மாசத்துக்கு முந்தி வலிக்குதுன்னு அழுதவ, என் உடம்ப வாங்கிப் பூட்டிட்டு சாவியத் தூக்கிப் போட்டுட்டுப் போயிட்டா. நீ விழலைன்னாலும் எனக்கு இது ஒரு நாள் தெரிஞ்சிருக்கும்."

"அவ எவளோ ஒருத்தி இல்ல. நீதான்."

"நான்தான். அதுக்காக?"

தமயந்தி கண்ணை மூடிக்கொண்டாள். "அங்க போய் நீயும் கழட்டாதீங்கன்னுதான் சொல்லப் போற. பன்னண்டாவது ஆளு" என்றாள். அப்படி நடக்கட்டும் என்று அவள் வேண்டிக்கொள்வதுபோல் இருந்தது.

விசாரணை அறையில் மேசை நாற்காலிகூட அதிகம் இல்லை. சட்ட அலுவலர் ஞானசிகாமணி, பணி ஓய்வை நெருங்கிய மனிதர், தட்டச்சுப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பொற்கொடியை நடுவில் நிற்க வைத்தார்கள். ஷாகிரா கூட்டின் ஓட்டத்தைத் திருப்பினாள்.

முதலில் இடுப்பில் ஒரு கனம். பிறகு தொடையில் எறும்பு ஊர்ந்தது. சுவரில் எண் ஏறிக்கொண்டிருந்தது: முப்பது, நாற்பத்தெட்டு, அறுபத்தைந்து. எழுபதைத் தாண்டியதும் பழைய கம்பி வந்துவிட்டது. அவள் அதை மறந்துபோயிருந்தாள். இத்தனை நாளாக அதைப் பற்றிப் பேசியிருக்கிறாள், கணக்குப் போட்டிருக்கிறாள், தாங்கிக்கொள்வேன் என்று சொல்லியிருக்கிறாள். அதெல்லாம் வேறு எதையோ பற்றிய பேச்சு. கண்ணுக்குள் வெள்ளையாக ஒளி அடித்தது. கால் கட்டைவிரலை யாரோ முறுக்கினார்கள். தமயந்தி என்ற பெயர்கூட எங்கோ தூரத்தில் இருந்தது.

"எண்பத்திரண்டு" என்றாள் ஷாகிரா.

"பொற்கொடி அம்மா, கூட்டைக் கழட்டணுமா, வேண்டாமா?" என்று கேட்டார் ஞானசிகாமணி.

வேண்டாம் என்ற சொல் அவள் நாக்கில் தயாராக இருந்தது. உதட்டைத் திறந்தால் விழுந்துவிடும். அலுவலரின் விரலும் அதைத் தட்டத் தயாராக இறங்கிவிட்டது. பதினொரு முறை தட்டிப் பழகிய விரல்.

அவளுடைய உடம்பு அதற்குள் வேறொன்று செய்யப் பார்த்தது. அதுவாக முன்னால் சாயப் பார்த்தது, இடுப்பை இடது பக்கம் ஒடிக்கப் பார்த்தது. செதில்கள் விடவில்லை. பதினேழு வருடம் இந்த வலி வந்தபோதெல்லாம் அவள் சும்மா நின்றதில்லை. சமையலறை மூலையில், கழிவறைக் கதவுக்குப் பின்னால், சத்துணவுக் கூடத்து அரிசி மூட்டைகளுக்கு நடுவே, குனிந்து, நெளிந்து, தலையைத் தரையில் முட்டி அதற்கு ஒரு இடம் பண்ணிக் கொடுத்திருக்கிறாள். நேராக நிற்க வைத்து யாரும் அவளை இப்படி வலிக்கவிட்டதில்லை.

"என்னைக் குனிய விடுங்க" என்றாள். "அப்புறம் கேளுங்க."

அலுவலர் ஷாகிராவைப் பார்த்தார். "அப்படி யாரும் கேட்டதில்லையே."

"வலி சமமா இருக்கணும்னுதான் சார் விதியில இருக்கு" என்றாள் ஷாகிரா. "எப்படி நிக்கணும்னு எங்கயும் இல்ல."

அவர் யோசித்துவிட்டுத் தலையசைத்தார். ஷாகிரா இறுக்கத்தை மட்டும் தளர்த்தினாள். அழுத்தம் அப்படியே இருந்தது.

பொற்கொடி இரண்டு கையையும் ஊன்றித் தரையில் இறங்கினாள். நெற்றியைக் குளிர்ந்த கல்லில் வைத்தாள். இடுப்பை இடது பக்கம் தள்ளி, முன்னும் பின்னும் ஆடினாள். எண் எண்பத்து நான்காக ஏறியது. குறையவே இல்லை. ஆனால் ஒரு ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் நடுவே ஒரு மூச்சு விட இடம் கிடைத்தது. அந்த இடத்தில் ஒரு சொல்லை வைக்கலாம்.

"இப்பக் கேளுங்க."

கேட்டார்.

"கழட்டுங்க."

விதிப்படி மூன்று முறை கேட்க வேண்டும். மூன்று முறையும் அதையே சொன்னாள். மூன்றாவது முறை சொல்லும்போது அழுதாள், ஆனால் சொல் மாறவில்லை. ஞானசிகாமணி பலகையில் தட்டினார். தட்ட வேண்டிய இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பிறகு தடுமாறிக்கொண்டே கோப்பிலிருந்து மங்கிப்போன ஒரு தாளை உருவித் தரையில், அவள் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தார்.

"இதுல ஒரு கையெழுத்து. அடுத்த மாசமோ அடுத்த வருஷமோ வலி தாங்காம நீங்க திரும்பி வந்து கூடு கேட்டா, அதை நாங்க ஏத்துக்க வேண்டியதில்ல. இன்னிக்கு எடுத்த முடிவுதான் முடிவு. நீங்க உறுதியா இருக்கீங்கங்கறதுக்காக."

பொற்கொடி தாளைப் பார்த்தாள். எழுத்துகள் ஆடின.

"அப்ப வர்றவளுக்குச் சேத்து நான் போடணுமா?"

"அப்படித்தான்."

"மாட்டேங்க." பேனாவைத் தள்ளிவிட்டாள். "அவ வந்து கேக்கட்டும். குடுக்க முடியாதுன்னா நீங்க முடியாதுன்னு சொல்லிக்கங்க. அவ வாயை நான் கட்ட மாட்டேன்."

ஞானசிகாமணி தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் காலியாக இருந்தது. "இதை இதுவரைக்கும் யார்கிட்டயும் நீட்ட வேண்டி வந்ததில்ல" என்றார், பொதுவாக. அதை மடித்துக் கோப்பில் செருகிவிட்டு, பூட்டைத் திறக்கும்படி ஷாகிராவுக்குக் கண் காட்டினார்.

கூடு இரண்டாகப் பிளந்து வந்தபோது பொற்கொடியின் முதுகு நனைந்த சாக்கு மாதிரி தொய்ந்தது. நிற்க முடியவில்லை. அவளை ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்துத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு மாதம் வரை குருவம்மா அந்த வீட்டில் இரண்டு பேரைத் தூக்கி இறக்கினாள், அலுத்துக்கொண்டே. தமயந்தி முதல் இரண்டு நாள் அக்காவோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "முனகறதக் கொஞ்சம் மெதுவா முனகு, பிள்ளைங்களுக்கு முக்கோணவியல் நடத்திக்கிட்டிருக்கேன்" என்றாள். காப்பகத்துக்கு ஆறு மாதம் தவணை கேட்டு எழுதினாள்.

வலி திரும்பி வந்தது. ஷாகிரா சொன்னதில் எதுவும் பொய்யில்லை. சில நாள் நாற்பதில் நின்றது. சில நாள் எழுபதுக்கு ஏறியது. அப்படிப்பட்ட நாட்களில் கூட்டைக் கழற்றியது பைத்தியக்காரத்தனம் என்று பொற்கொடி வாய்விட்டே சொன்னாள். மறுநாள் சொல்லவில்லை. சத்துணவுக் கூடத்தில் அண்டா பக்கம் போகாமல், பிள்ளைகளுக்கு முட்டை எடுத்துக் கொடுக்கிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

திங்களும் வியாழனும் சாயங்காலம் நிலையத்துக்குப் போவாள். கீழ்த்தளத்தில் பழைய இழுவைக் கட்டில் ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நெஞ்சில் ஒரு துணிப்பட்டை, இடுப்பில் ஒரு துணிப்பட்டை. கட்டிலின் கீழ்ப்பாதி மெல்ல நகர்ந்து இழுக்கும், விடும், திரும்ப இழுக்கும். அரை மணி நேரம். எழுந்து பேருந்து நிறுத்தத்துக்கு நடப்பதற்குள் பாதி வலி வந்து சேர்ந்துவிடும்.

ஒரு வியாழக்கிழமை, பட்டைகளைக் கட்டிப் பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தபோது கைப்பேசி அடித்தது. ஷாகிரா எடுத்து அவள் காதருகே வைத்தாள்.

"அக்கா, குருவம்மா பஸ்ஸு லேட்டாம்" என்றாள் தமயந்தி. "நான் நாற்காலியிலதான் இருக்கேன். பட்டை போட்டிருக்கு. அவசரம் ஒண்ணுமில்ல."

"வரவா?"

"வேணும்னா வா."

பேச்சு முடிந்தது. ஷாகிரா நிறுத்தும் பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனாள். "நிறுத்தட்டாம்மா?"

பொற்கொடி இடுப்புப் பட்டையின் ஓரத்தைத் தொட்டாள். ஒரு இழு இழுத்தால் பிரிந்துவிடுகிற ஒட்டுத்துணி. கடிகாரத்தில் இன்னும் பதினெட்டு நிமிடம் இருந்தது. இரண்டு எலும்புகளுக்கு நடுவே எங்கோ ஒரு மயிரிழை அப்போதுதான் விலகிக்கொண்டிருந்தது.

"இருக்கட்டும்" என்றாள். கையை எடுத்து வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

பதினெட்டு நிமிடமும் படுத்திருந்தாள்.